தோட்டத்துப் பிள்ளையைக் காத்தது யார்? இன்றைய பிள்ளை ஏன் தனியே நடப்பதில்லை?

மலேசியாவில் 12 வயது நிறைந்த பிள்ளைக்கு மைகார்டு கிடைக்கிறது. 16 வயதில் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கலாம். 17 வயதில் கார் உரிமம். 18 வயதானால் வாக்காளர் பட்டியலில் பெயர் தானாகவே சேர்ந்துவிடுகிறது. சட்டத்தின் கணக்குப்படி ஆறே ஆண்டுகளில் ஒரு பிள்ளை பெரியவராகிவிடுகிறார்.

வீட்டுக் கணக்கு அப்படி இல்லை. மைகார்டு எடுத்துவிட்ட பிள்ளையின் புத்தகப்பையை இன்னும் அப்பாதான் பள்ளி வாசல் வரை தூக்கிச் செல்கிறார். தாமான் முனையில் இருக்கும் கடைக்குப் போய் முட்டை வாங்கி வர அந்தப் பிள்ளையை யாரும் அனுப்பியதில்லை. பேருந்தில் அது தனியாக ஏறியதில்லை. வீட்டுச் சாவி அதன் கையில் இருந்ததில்லை.

இதைப் பார்க்கும் தாத்தா பாட்டிமார் எல்லா வீட்டிலும் ஒன்றையே சொல்கிறார்கள்: “நாங்க எல்லாம் இப்படியா வளந்தோம்?” உடனே பேச்சு இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடும். இந்தக் காலத்துப் பெற்றோர் பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்த்துக் கெடுக்கிறார்கள் என்பது ஒரு பக்கம். அந்தக் காலம் வேறு, இந்தக் காலத்தில் யாரை நம்புவது என்பது மறுபக்கம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால், அன்று தோட்டத்தில் பிள்ளைகள் தனியே திரிய முடிந்தது எப்படி என்று இரண்டு பக்கத்தாரும் கேட்பதில்லை. அதற்குப் பதில் தெரிந்தால்தான் இன்றைக்கு என்ன செய்யலாம் என்பதும் தெரியும்.

விடியுமுன் தொடங்கிய நாள்

ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடுவது குளிர்ச்சியான அதிகாலையில்தான். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அதனால் தோட்டத்தில் விடிவதற்கு முன்பே மணி அடித்துவிடும். பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடித்ததும் அப்பா, அம்மா இருவருமே மரம் சீவக் காட்டுக்குள் போய்விடுவார்கள். பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு அவர்கள் வீடு திரும்ப நண்பகல் ஆகிவிடும்.

கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகைக்குப் போகும். அதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு மூத்த பிள்ளைதான் தாய். தம்பி தங்கையை எழுப்பி, பொதுக் குழாயில் முகம் கழுவ வைத்து, அம்மா மூடி வைத்துவிட்டுப் போனதைச் சாப்பிடக் கொடுத்து, பள்ளிக்குக் கூட்டிச் செல்லும். அந்த மூத்த பிள்ளைக்கே பத்து வயதுதான் இருக்கும்.

பள்ளியும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. அப்படி உருவானவைதான் நம் தமிழ்ப்பள்ளிகளில் பல. செம்மண் சாலையில் கூட்டமாக நடந்தால் பள்ளி வந்துவிடும். கொண்டு போய் விடவும் அழைத்து வரவும் யாரும் தேவைப்படவில்லை.

பள்ளி விட்டதும் வேலைகள் காத்திருக்கும். ஒட்டுப்பால் பொறுக்குவது, விறகு ஒடிப்பது, மாட்டுக்குப் புல் அறுப்பது, “555” கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்க் கடனுக்குச் சாமான் வாங்கி வருவது எல்லாம் பிள்ளைகளின் பங்கு. மிச்ச நேரம் முழுக்க அவர்களுடையது. ரப்பர் கொட்டை, கோலி, பம்பரம், திடலில் கால்பந்து, ஓடையில் மீன் பிடிப்பது என்று பொழுது இருட்டும் வரை ஓடும். எங்கே போனாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்கத் தேவையும் இருக்கவில்லை. ஏன் தேவையில்லாமல் போனது என்பதுதான் முக்கியம்.

துணிச்சலா, ஏற்பாடா?

அன்றைய பெற்றோர் இன்றைய பெற்றோரைவிடத் துணிச்சல்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. மரத்தடியில் நின்ற தாய்க்கும் வீட்டில் விட்டு வந்த பிள்ளையின் நினைப்பு இருந்திருக்கும். அவருக்கு வேறு வழி இல்லை. ஆனால் அவர் விட்டுவிட்டு வந்த இடம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடமாக இருந்தது.

முதலாவது, வாகனம். தோட்டத்துச் சாலை தோட்டத்துக்குச் சொந்தமானது. அதில் ஓடியவை லோரி, துரையின் கார், சில சைக்கிள்கள், மோட்டார் சைக்கிள்கள். வரும் வண்டியின் சத்தத்தை வைத்தே யார் வருகிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

இரண்டாவது, மனிதர்கள். லயத்தில் யாரும் பெயர் தெரியாதவர் இல்லை. மண்டோர் பெரியப்பா, கடைசி வீட்டு அத்தை, எதிர் வரிசை மாமா என்று எல்லாருக்கும் ஒரு முறை உண்டு. முறை சொல்லிக் கூப்பிடுபவருக்குப் பிள்ளையை அதட்டவும் உரிமை உண்டு. குளத்துப் பக்கம் போன பையனை யாரோ ஒருவர் காதைத் திருகி அனுப்பிவிடுவார். பையன் வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்துவிடும். வீட்டில் இரண்டாவது அடி விழும்.

மூன்றாவது, பிள்ளைகளின் எண்ணிக்கை. ஒரு லயத்தில் இருபது முப்பது பிள்ளைகள் இருப்பார்கள். பன்னிரண்டு வயதுக்காரனும் ஆறு வயதுக்காரனும் ஒரே கூட்டத்தில் சுற்றுவார்கள். எந்தப் பாம்பு விஷப் பாம்பு, எந்த இடத்தில் தண்ணீர் ஆழம், எந்த நாய் கடிக்கும் என்பதெல்லாம் பெரிய பிள்ளையிடமிருந்து சின்னப் பிள்ளைக்குப் போன பாடங்கள்.

நான்காவது, தேவை. பிள்ளை செய்த வேலை விளையாட்டுக்காகக் கொடுத்த வேலை இல்லை. அது விறகு கொண்டு வராவிட்டால் அடுப்பு எரியாது. தன் கை வீட்டுக்குத் தேவைப்படுகிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். பொறுப்பு வந்தது அங்கிருந்துதான்.

ஆக, பிள்ளை தனியாகத் திரிந்ததாக இன்று நாம் நினைக்கிறோமே தவிர, அது எங்கே போனாலும் யாரோ ஒருவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

அந்தச் சுதந்திரத்துக்குக் கொடுத்த விலை

பழைய நாளை நினைக்கும்போது மனம் நல்லதையே எடுத்துக்கொள்ளும். விலையையும் சொன்னால்தான் கணக்குச் சரியாக வரும்.

குளத்திலும் ஆற்றிலும் மூழ்கி இறந்த பிள்ளைகள் உண்டு. பாம்புக் கடிக்கு ஆளானவர்கள் உண்டு. மருந்தடிக்கும் கலன்கள் வீட்டோரம் கிடந்த காலம் அது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு இந்நாட்டில் முழுத் தடை வந்ததே 2020இல்தான். வீட்டு வேலையும் காட்டு வேலையும் சேர்ந்து பல பிள்ளைகளின் படிப்பை ஆறாம் ஆண்டோடு நிறுத்திவிட்டன. தொடக்கப்பள்ளிக் கல்வி நாட்டில் கட்டாயமானது 2003இல். அதற்கு முன்னால் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளையைத் தேடி வரச் சட்டம் இருக்கவில்லை.

பெண் பிள்ளைகளின் கதை இன்னும் வேறு. பையன்கள் திடலில் இருந்த நேரத்தில் அவர்கள் தண்ணீர் தூக்கினார்கள், துணி துவைத்தார்கள், தம்பியை இடுப்பில் சுமந்தார்கள். வயதுக்கு வந்த பிறகு லயத்து வாசலைத் தாண்டுவதற்கே கட்டுப்பாடு. பொறுப்பு முழுதாக அவர்கள் தலையில் இருந்தது; சுதந்திரம் பையன்கள் பக்கம் இருந்தது. எனவே “எங்கள் காலத்தில் எல்லாரும் சுதந்திரமாக வளர்ந்தோம்” என்று ஒரு தாத்தா சொல்லும்போது, பக்கத்தில் இருக்கும் பாட்டியையும் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

இன்னொன்றும் உண்டு. தவறான எண்ணத்தோடு பிள்ளையை நெருங்கியவர் முறை சொல்லிக் கூப்பிடப்பட்டவராக இருந்தால், அதைச் சொல்லப் பிள்ளைக்கு வார்த்தை இருக்கவில்லை. சொன்னாலும் மானத்துக்குப் பயந்து மூடி மறைத்த வீடுகள் உண்டு. எல்லாரையும் தெரிந்த இடத்தில் இருந்த குறை அது.

தோட்டம் போனது

1960களிலிருந்து ரப்பருக்குப் பதிலாகச் செம்பனை பரவியது. பிறகு பட்டணத்தை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா எழுந்து நிற்பது பிராங் பெசார் தோட்ட நிலத்தில்தான். அந்தத் தோட்டத்தையும் அதை அடுத்த தோட்டங்களையும் சேர்ந்த குடும்பங்கள் டிங்கில் வட்டாரத்தில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. இதே போன்ற மாற்றம் சிலாங்கூர், பினாங்கு, ஜொகூர், நெகிரி செம்பிலான் என்று பல இடங்களில் நடந்தது.

வீடு மாறியபோது பிள்ளை வளரும் ஏற்பாடும் மாறிவிட்டது. லயத்து வாசல் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. அடுக்குமாடியில் கதவைச் சாத்தினால் எதிர் வீட்டுக்காரர் யார் என்று தெரியாது. சில மாதங்களில் வாடகைக்கு வந்தவரும் மாறிவிடுவார். கீழே இறங்கினால் கார் நிறுத்துமிடம். அதைத் தாண்டினால் பெரிய சாலை. விளையாடத் திடல் இருந்தாலும் அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பெற்றோருக்குத் தெரியாது.

பள்ளியும் தூரமானது. 1957இல் 800க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500க்குச் சற்று மேல். மிஞ்சியிருக்கும் தோட்டப் பள்ளிகளில் சிலவற்றைச் சுற்றித் தோட்டமே இல்லை. பிள்ளைகள் பட்டணத்திலிருந்து வேனில் வந்து படித்துவிட்டு வேனிலேயே திரும்புகிறார்கள். தாத்தா நடந்து போன அதே பள்ளிக்குப் பேரன் காலை இருட்டில் வேன் ஏறிப் போகிறான். பொத்தி வளர்க்க வேண்டும் என்று பெற்றோர் முடிவு செய்ததால் வந்த நிலை இல்லை இது. நடந்து போக அங்கே வழியே இல்லை.

குடும்பமும் சிறுத்துவிட்டது. ஆறேழு பிள்ளைகள் இருந்த வீட்டில் இன்று இரண்டு பேர். தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்டு வேலை பார்க்கும் அம்மாவும் அப்பாவும், ஊரில் இருக்கும் பாட்டி, பள்ளி முடிந்ததும் டியூசன் என்று நாள் நிரம்பிவிடுகிறது. இதில் பிள்ளையைத் தனியே விடுவதற்கான இடமும் இல்லை, நேரமும் இல்லை.

பயம் ஒரு பக்கம், ஆபத்து ஒரு பக்கம்

பெற்றோரின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2007இல் கோலாலம்பூரில் ஒரு சிறுமி கடத்திக் கொல்லப்பட்டது நாட்டையே உலுக்கியது. காணாமல் போன பிள்ளையைப் பற்றி உடனுக்குடன் அறிவிக்கும் நூர் அலர்ட் ஏற்பாடு 2011இல் தொடங்கப்பட்டது. வாட்ஸ்அப்பும் பரவியது. பிள்ளை பிடிக்கும் வேன் பற்றிய தகவல்கள் ஊர் ஊராகச் சுற்றுகின்றன. அவற்றில் பலவற்றைப் பொய் என்று காவல்துறை மறுத்த பிறகும் அடுத்த ஆண்டு அதே தகவல் மீண்டும் வரும்.

ஆனால் பிள்ளைக்கு அன்றாடம் இருக்கும் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பெருந்தொற்று ஆண்டுகளை விட்டுவிட்டுப் பார்த்தால், மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். நானூறு மீட்டர் தூரத்தில் உள்ள பள்ளிக்குப் பிள்ளையை நடக்க விடப் பயப்படும் பெற்றோர், இரண்டு பிள்ளைகளைத் தலைக்கவசம் இல்லாமல் ஒரே மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்வதைக் காலையில் எந்தப் பள்ளி வாசலிலும் பார்க்கலாம். பழகிய ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை.

பாலியல் குற்றங்களிலும் இதே நிலைதான். பிள்ளைகளுக்கு எதிரான குற்றங்களைச் செய்பவர்களில் பெரும்பாலோர் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள் என்பது உலகெங்கும் கண்டறியப்பட்ட உண்மை. இவ்வகைக் குற்றங்களுக்காகவே மலேசியாவில் 2017இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. புத்ராஜெயாவில் சிறப்பு நீதிமன்றமும் அமைந்தது. கைத்தொலைபேசி வழியாகப் பிள்ளையை வசப்படுத்துவதும் அந்தச் சட்டப்படி குற்றம். வெளியே போகவிடாமல் அறைக்குள் தொலைபேசியோடு உட்கார வைப்பதால் மட்டும் பிள்ளை பாதுகாப்பாக இருப்பதாக நினைக்க முடியாது என்பதற்கு இதுவே சான்று.

அறைக்குள் இருப்பதற்கு உடலும் விலை கொடுக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் கூடுதல் எடை அல்லது உடற்பருமன் கொண்டவர்கள் என்று தெரியவந்தது. உணவுப் பழக்கம் இதற்குப் பெரிய காரணம். ஓடியாடாத நாள் இன்னொரு காரணம்.

மற்ற நாடுகளிலும் இதே கதை

இது நம் சமூகத்தில் மட்டும் நடந்த மாற்றம் இல்லை. இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு உலகப் புகழ் பெற்றது. 1971இல் அங்கே ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் அது 9 விழுக்காடாகக் குறைந்தது. பத்தொன்பதே ஆண்டுகளில் வந்த மாற்றம் அது. வாகனப் போக்குவரத்து பற்றிய பயமே பெற்றோர் சொன்ன முக்கியக் காரணம்.

2023இல் அமெரிக்காவின் பீட்டர் கிரே, டேவிட் லான்சி, டேவிட் பிஜோர்க்லண்ட் ஆகிய மூவரும் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரை பரவலாகப் பேசப்பட்டது. பல ஆண்டுகளாகப் பிள்ளைகளிடையே மனச்சோர்வும் பதற்றமும் கூடி வருவதற்கு, தாங்களாகச் செய்யும் செயல்கள் குறைந்துபோனது ஒரு முக்கியக் காரணம் என்பது அவர்களின் வாதம். இதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. கைத்தொலைபேசி, தேர்வு நெருக்கடி என்று வேறு காரணங்களைச் சொல்பவர்களும் உண்டு. ஆனாலும் 2024இல் கனடாவின் குழந்தை மருத்துவர் சங்கம், மரம் ஏறுவது போன்ற சற்றே சவாலான வெளிப்புற விளையாட்டு பிள்ளை வளர்ச்சிக்கு நல்லது என்று அறிவித்தது.

இதன் காரணம் எளியது. ஒரு சிக்கலைத் தானே அவிழ்த்துப் பார்த்த பிள்ளைக்கு, அடுத்த சிக்கல் வரும்போது பயம் குறைகிறது. மீதிக் காசு குறைவாகக் கொடுத்த கடைக்காரரிடம் ஒரு முறை கேட்டு வாங்கிய பிள்ளைக்கு வாய் திறந்து கேட்கும் பழக்கம் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் அம்மாவே கேட்டுக் கொடுத்தால் அந்தப் பழக்கம் வர வாய்ப்பே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பிள்ளையைத் தனியே விட்டால் சட்டப்படி குற்றமா என்ற கேள்வி பல பெற்றோருக்கு உண்டு. 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 33ஆவது பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. நியாயமான கண்காணிப்புக்கும் பராமரிப்புக்கும் ஏற்பாடு செய்யாமல் பிள்ளையை விட்டுச் செல்வது குற்றம். நியாயமற்ற அளவு நீண்ட நேரமோ, நியாயமற்ற சூழலிலோ விட்டுச் செல்வதும் குற்றம். 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இதற்கான தண்டனை 20,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

கவனிக்க வேண்டியது, அந்தப் பிரிவு எந்த வயதையும் குறிப்பிடவில்லை என்பது. இத்தனை வயதில் கடைக்கு அனுப்பலாம், இத்தனை வயதில் வீட்டில் தனியே விடலாம் என்ற பட்டியல் அதில் இல்லை. சூழலுக்குப் பொருத்தமான ஏற்பாடு இருந்ததா என்பதையே பார்க்கிறது. மூன்று வயதுக் குழந்தையைப் பூட்டிய வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவதும், பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டு 11 வயதுப் பிள்ளையைக் கீழ்க் கடைக்கு அனுப்புவதும் ஒன்றாகிவிடாது.

எங்கே இடிக்கிறது?

பொத்தி வளர்த்ததன் விளைவு முதன்முதலில் வெளிப்படுவது முதலாம் படிவத்தில். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியருக்குப் பிள்ளையின் பெயரும் தெரியும், பெற்றோரையும் தெரியும். அங்கிருந்து நேராக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் படிக்கும் தேசிய இடைநிலைப்பள்ளிக்கோ, மலாய்மொழித் திறனைப் பொறுத்துப் புகுமுக வகுப்புக்கோ போகிறது. வகுப்பறையைத் தேட வேண்டும், மலாய் மொழியில் கேட்க வேண்டும், பேருந்து தவறினால் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும், கேலி செய்பவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். 12 வயது வரை எதையும் தானாக முடிவு செய்யாத பிள்ளை ஒரே மாதத்தில் இத்தனையையும் கற்க வேண்டியிருக்கிறது. தடுமாறும் பிள்ளை, தன்னை முதலில் சேர்த்துக்கொள்ளும் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கூட்டம் எப்படிப்பட்டது என்பது பிறகுதான் பெற்றோருக்குத் தெரியவருகிறது.

இரண்டாவது இடி 18 வயதில். மெட்ரிகுலேஷன், பாலிடெக்னிக், பல்கலைக்கழகம் என்று வேறு மாநிலத்தில் இடம் கிடைக்கும். தங்கும் விடுதியில் துணி துவைக்கவும், மாதப் பணத்தைக் கணக்காகச் செலவழிக்கவும், காய்ச்சல் வந்தால் தானே கிளினிக்குக்குப் போகவும் தெரிய வேண்டும். தூரம் என்ற ஒரே காரணத்துக்காகக் கிடைத்த இடத்தை விட்டுவிடும் பிள்ளைகள், அதிலும் குறிப்பாகப் பெண் பிள்ளைகள், நம்மிடையே இருக்கிறார்கள். பொத்தி வைத்ததற்கு ஒரு படிப்பையே விலையாகக் கொடுக்கிறார்கள்.

படிப்படியாக விடுவது எப்படி?

தோட்டத்தில் பிள்ளைக்குச் சுதந்திரம் தானாக வந்தது. பட்டணத்தில் பெற்றோர்தான் அதைத் திட்டமிட்டுக் கொடுக்க வேண்டும்.

ஐந்தாறு வயதில்: சட்டையைத் தானே போட்டுக்கொள்வது, புத்தகப்பையைத் தானே அடுக்கித் தானே தூக்குவது, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பது, பள்ளிச் சிற்றுண்டியில் தானே காசு கொடுத்து வாங்குவது.

ஏழெட்டு வயதில்: வீட்டு முகவரியையும் பெற்றோரின் தொலைபேசி எண்ணையும் மனப்பாடமாகச் சொல்வது. கடையில் பெற்றோர் பின்னால் நிற்க, பிள்ளையே கேட்டு வாங்கி மீதியை எண்ணிப் பார்ப்பது.

ஒன்பது, பத்து வயதில்: பெரிய சாலையைக் கடக்கத் தேவையில்லாத கடைக்குத் தனியாகப் போய் வருவது. சோறு வடிப்பது அல்லது ரைஸ் குக்கரில் வைப்பது. தம்பி தங்கைக்கு ஒரு மணி நேரம் பொறுப்பாக இருப்பது, அதுவும் பெரியவர் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது.

பதினொன்று, பன்னிரண்டு வயதில்: சாலையைக் கடப்பது, பேருந்தில் போவது, வீட்டுச் சாவியை வைத்துக்கொள்வது. முதலாம் படிவம் தொடங்கும் முன்பே புதிய பள்ளிக்கு இரண்டு மூன்று முறை போய் வந்து வழியைப் பழகிக்கொள்வது.

வயதைவிடப் பிள்ளையின் பக்குவமும், இருக்கும் இடமும் முக்கியம். கற்றுக்கொடுக்கும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். முதல் வாரம் கூடவே நடக்கலாம். அடுத்த வாரம் பத்தடி பின்னால் நடந்து, எப்போது கடப்பது என்பதைப் பிள்ளையையே முடிவு செய்ய விடலாம். பிறகு முனையில் நின்று பார்க்கலாம். கடைசியில் வீட்டில் காத்திருக்கலாம். இடையில் பிள்ளை தவறு செய்யும். ரொட்டிக்குப் பதில் பிஸ்கட் வாங்கி வரும், ஐந்து ரிங்கிட்டைத் தொலைத்துவிடும். அதற்காகத் திட்டி மறுபடி அனுப்பாமல் விட்டால் பாடம் பாதியில் நின்றுவிடும்.

“யாரோடும் பேசாதே” என்று சொல்லி அனுப்புவது போதாது. வழி தவறினால் யாரிடமாவது பேசித்தானே ஆக வேண்டும்? கடைக் கல்லாவில் இருப்பவர், சீருடை அணிந்த பாதுகாவலர், பிள்ளைகளோடு வரும் ஓர் அம்மா என்று யாரிடம் கேட்கலாம் என்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொந்தக்காரராகவே இருந்தாலும் பிடிக்காத விதத்தில் தொட்டால் மறுக்கலாம், “அம்மாகிட்ட சொல்லாதே” என்று யார் சொன்னாலும் அதை முதலில் அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும் என்பதும் அதே பாடத்தில் சேரும். உதவி தேவைப்பட்டால் அழைக்கக்கூடிய தாலியான் காசே 15999 எண்ணைப் பெரிய பிள்ளைகள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மகனுக்குக் கொடுக்கும் படிகள் மகளுக்கும் வேண்டும். மகளுக்கு அடுப்படியும் மகனுக்குச் சாலையும் என்று பிரித்தால் பழைய கணக்கே திரும்பி வரும்.

பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்

இதில் மிகக் கடினமானது, லயத்தில் தானாகக் கிடைத்த அந்தத் துணையைப் பட்டணத்தில் மீண்டும் உருவாக்குவது. முழுதாக முடியாது. கொஞ்சம் முடியும். ஒரே அடுக்குமாடியிலிருந்து ஒரே பள்ளிக்குப் போகும் நான்கைந்து பிள்ளைகளைச் சேர்த்து, முறை வைத்து ஒரு பெற்றோர் அழைத்துச் செல்லலாம். கொஞ்ச நாளில் பெரிய பிள்ளையே கூட்டத்தை நடத்தும். கீழ்க் கடைக்காரரிடம் பிள்ளையை அறிமுகப்படுத்தி வைக்கலாம், அவர் எந்த இனத்தவராக இருந்தாலும். கோயிலில் பரிமாறவும், பந்தலில் உதவவும் பிள்ளைகளுக்கு உண்மையான வேலை கொடுக்கலாம். அங்கே அவர்களைப் பார்த்துக்கொள்ள நூறு பேர் இருப்பார்கள்.

அதற்கு ஒன்றை நாம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். தோட்டத்தில் அடுத்த வீட்டுக்காரர் பிள்ளையைக் கண்டித்தால் பெற்றோர் நன்றி சொன்னார்கள். இன்று கண்டித்தவர் வீட்டு வாசலுக்குச் சண்டை வருகிறது. ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னாலும் மறுநாள் காலை பெற்றோர் பள்ளியில் நிற்கிறார்கள். அடிப்பதை யாரும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால், “தம்பி, அங்க ஏறாதே” என்று சொல்லும் உரிமையைப் பிறரிடமிருந்து பறித்துவிட்டால், பிள்ளைக்கு ஒன்று நடக்கும்போது அவர் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுவார்.

தாத்தா பாட்டிமாருக்கும் இதில் பங்கு உண்டு. “நாங்க எல்லாம் இப்படியா வளந்தோம்?” என்று மகனையும் மருமகளையும் குறை சொல்வதோடு நிற்காமல், பேரப்பிள்ளையைக் கடைக்கு அழைத்துப் போய் வழியைக் காட்டலாம். கத்தி பிடிக்கவும் நெருப்பை அணைக்கவும் சொல்லிக்கொடுக்கலாம். பத்து வயதில் ஒரு வீட்டையே பார்த்துக்கொண்ட கைகள் அவர்களுடையவை. அதை எப்படிச் செய்தார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

வரும் பள்ளி விடுமுறையில் தொடங்க ஒரு வேலை போதும். காலையில் ரொட்டி வாங்கி வருவது, துணி காயப் போடுவது, கோயிலுக்குப் பூ கொண்டு போய்க் கொடுப்பது என்று வீட்டுக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, விடுமுறை முடியும் வரை அதைப் பிள்ளையின் பொறுப்பிலேயே விட்டுவிடலாம். அது மறந்துபோனால் அன்று வீட்டில் ரொட்டி இல்லை. மறுநாள் அது மறக்காது.